அரசு ஊழியருக்குப் பயிற்சி கொடுக்க டெண்டர் விட்டா என்ன ஆகும்?

(இது எபிசோடோட எழுத்து வடிவம். பேசும்போது வந்த திக்கல், திரும்பத் திரும்ப வந்த வார்த்தைகளை எடுத்துட்டு, படிக்க வசதியா கொஞ்சம் திருத்தியிருக்கேன்.)

தலைப்பைப் பார்த்ததும் சிலர் ஸ்கிப் பட்டன் பக்கம் விரலைக் கொண்டு போயிருப்பீங்க. அரசு அலுவலகங்கள் தங்களோட ஊழியர் பயிற்சியை வெளி ஆளுங்ககிட்ட கொடுக்கறதைப் பத்தி ஒரு எபிசோடான்னு. கேட்கவே சர்க்குலர் மாதிரி இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இதுல நான் தப்பு பண்ண ஒரு கதை இருக்கு. அதுல இருந்தே ஆரம்பிச்சுடறேன்.

காலேஜ் முடிச்சு முதல் வேலை. சேர்ந்து அஞ்சு மாசம்தான் ஆச்சு. எங்க கம்பெனி ஒரு அரசுத் துறைக்கு சாஃப்ட்வேர் செஞ்சு கொடுத்துட்டு இருந்தது. எந்தக் கம்பெனி, எந்தத் துறைன்னு சொல்லப் போறதில்லை, லிங்க்ட்இன்ல போய்த் தேடாதீங்க. உதவித்தொகை கேட்டு வர்ற மனுக்களை பேப்பர்ல இருந்து ஆன்லைனுக்கு மாத்தற திட்டம். சாஃப்ட்வேரோட சேர்த்து, அதைப் பயன்படுத்தப் போற ஊழியர்களுக்குப் பயிற்சியும் நாங்களே கொடுக்கணும்னு ஒப்பந்தம். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "உனக்குத் தமிழ் நல்லா வரும்ல, நீ போ"ன்னுட்டார். பயிற்சியாளரா போறதுக்கு என்கிட்ட இருந்த தகுதி அது ஒண்ணுதான்.

ஒரு மாவட்டத் தலைநகரம். கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல ஒரு ஹால். 40 பேர். நான் போட்ட ஸ்லைடு ரொம்ப சிம்பிள். மனுவைத் திறங்க. மனுவுல இருக்கற பேரும் ஆதார்ல இருக்கற பேரும் ஒண்ணா இருந்தா 'ஏற்பு'. வேற வேறயா இருந்தா 'நிராகரிப்பு'. எங்க டெஸ்ட் டேட்டாவுல எல்லா மனுதாரரும் 'டெஸ்ட் யூசர் 1', 'டெஸ்ட் யூசர் 2'ன்னுதான் இருப்பாங்க. அவங்க பேர்ல என்னைக்கும் பிரச்சினை வந்ததில்லை.

மூணாவது வரிசையில ஒரு கண்காணிப்பாளர். ஓய்வு பெற சில மாசம்தான் இருந்தது அவருக்கு. கை தூக்கிட்டு எழுந்து நின்னார். "தம்பி, பழைய ரேஷன் கார்டுல கே. முருகேசன்னு இருக்கும். ஆதார்ல முருகேசன் கருப்பையான்னு இருக்கும். ரெண்டும் ஒரே ஆள்தான். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும். இவங்களை எல்லாம் நிராகரிக்கச் சொல்றீங்களா?"

எனக்குப் பதில் தெரியலை. "சார், சாஃப்ட்வேர்ல ரெண்டு ஆப்ஷன்தான் இருக்கு. விதிமுறை என்னன்னு உங்க துறைகிட்டதான் கேட்கணும்"னு சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "துறைன்னா நாங்கதான் தம்பி"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

உண்மையில சாஃப்ட்வேர்ல மூணாவது ஒரு ஆப்ஷன் இருந்தது. 'கள விசாரணைக்கு அனுப்பு'ன்னு, ஒரு மெனுவுக்குள்ள ஒளிஞ்சு கிடந்தது. விதிப்படி பேர்ல சின்ன வித்தியாசம் இருந்தா அங்கதான் அனுப்பணும். அது எனக்கே தெரியாது. அந்த ஸ்கிரீனைச் செஞ்சவங்க வேற டீம்.

சில மாசம் கழிச்சு டாஷ்போர்டைப் பார்த்தோம். நிராகரிப்புக் காரணங்கள்ல முதல் இடத்துல 'பெயர் பொருந்தவில்லை'. அந்தப் பட்டியல்ல இருந்தவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. வயசானவங்க, கணவரை இழந்தவங்க. மாசா மாசம் வர்ற அந்தச் சின்னத் தொகையை நம்பி மருந்து வாங்கறவங்க. மறுபடி பஸ் ஏறி வந்து, மறுபடி மனு கொடுத்து, மறுபடி வரிசையில நின்னாங்க.

நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? டெவலப்மென்ட் டீம் அதை பக் லிஸ்ட்ல இருந்து எடுத்து, "சாஃப்ட்வேர் சரியாத்தான் வேலை செய்யுது, இது ட்ரெய்னிங் இஷ்யூ"ன்னு மூடிட்டாங்க. ட்ரெய்னிங் பக்கம் கேட்டா, "பயிற்சி முடிஞ்சது, கையெழுத்து வாங்கியாச்சு, பில்லும் பாஸ் ஆயிடுச்சு"ன்னாங்க. ரெண்டு பேர் சொன்னதும் உண்மை. ஒப்பந்தப்படி யாரும் எந்தத் தப்பும் பண்ணலை.

இது எப்படி நடந்ததுன்னு எனக்கு ரொம்ப நாள் உறுத்தல். அதைத் தேடிப் படிச்சதுலதான் இந்த எபிசோட் வந்தது.

காசு எதுக்குக் கொடுக்கறாங்க?

முதல்ல அந்த ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். டெண்டர் ஆவணம் பெரிய தலையணை மாதிரி இருந்தது. சர்வர் எங்க வைக்கணும், எத்தனை நொடிக்குள்ள பக்கம் திறக்கணும், எல்லாத்துக்கும் பக்கம் பக்கமா நிபந்தனை. பயிற்சிக்கு ஒரே ஒரு டேபிள். ஒரு பேட்ச்சுக்கு 40 பேர், ரெண்டு நாள், வருகைப் பதிவேட்டுல கையெழுத்து, கடைசியில ஃபீட்பேக் ஃபார்ம்ல 5-க்கு 4 சராசரி. இதைக் காட்டினா பணம்.

எனக்கு 4.6 கிடைச்சது, சொல்லிக்கறேன். மதிய சாப்பாடு நல்லா இருந்துச்சு, அது ஒரு காரணம்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1959-ல ஒரு முறையை எழுதினார். கம்பெனி எச்.ஆர். ஆளுங்க எல்லாருக்கும் இது தெரியும். பயிற்சியை நாலு படியில அளக்கணும்னார். வந்தவங்களுக்குப் பிடிச்சுதா? கத்துக்கிட்டாங்களா? திரும்பிப் போய் வேலையை வேற மாதிரி செய்யறாங்களா? அதனால அலுவலகத்தோட விளைவு மாறிச்சா? எங்க ஃபீட்பேக் ஃபார்ம் முதல் படியைத்தான் அளந்தது. முருகேசனோட மனு நாலாவது படியில இருக்கு. அந்தப் படி வரைக்கும் ஏறிப் பார்க்க ஒப்பந்தத்துல யாருக்கும் வேலை இல்லை.

இது எங்க கம்பெனியோட கெட்ட குணம்னு நான் நினைக்கலை. 1997-ல ஆலிவர் ஹார்ட், ஆந்த்ரே ஷ்லைஃபர், ராபர்ட் விஷ்னின்னு மூணு பொருளாதார அறிஞர்கள், அரசு எதையெல்லாம் தானே செய்யணும், எதை வெளிய விடலாம்னு ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினாங்க. அவங்க எடுத்துக்கிட்ட முக்கிய உதாரணம் சிறைச்சாலை. ஹார்ட்டுக்குப் பின்னாடி 2016-ல நோபல் பரிசும் கிடைச்சது. அவங்க வாதத்தைச் சுருக்கமா சொன்னா: எல்லா ஒப்பந்தத்துலயும் எழுத முடியாத ஏதோ ஒண்ணு இருக்கும். வெளியில இருந்து வர்ற ஒப்பந்ததாரருக்கு செலவைக் குறைக்கறதுல நேரடி லாபம் இருக்கு. அதனால எழுதாம விட்ட தரத்துலதான் முதல்ல கை வைப்பார். எழுதி வைக்க முடியற வேலைன்னா வெளிய கொடுக்கறது நல்லாவே நடக்கும். எழுதவே முடியாத தரம்தான் அந்த வேலையோட உயிருன்னா, அதை வெளிய கொடுக்கறது ஆபத்து.

பயிற்சியில எழுத முடிஞ்சது என்ன? தலைகள், மணிநேரம், கையெழுத்து. 'மூணாவது வரிசையில ஒருத்தர் கேள்வி கேட்டா, அதைக் கொண்டுபோய் ஸ்லைடை மாத்து'ன்னு எந்த டெண்டர்லயும் எழுதியிருக்காது.

பிரிட்டன் செஞ்சது

இதை ஒரு நாடே பெரிய அளவுல செஞ்சு பார்த்திருக்கு. பிரிட்டன்.

1968-ல ஃபுல்டன் பிரபு தலைமையில ஒரு குழு, பிரிட்டிஷ் அரசு ஊழியர் முறை எப்படி இருக்குன்னு ஒரு அறிக்கை கொடுத்தது. ரொம்பக் காட்டமான அறிக்கை. எல்லாத்தையும் மேலோட்டமா தெரிஞ்சுக்கிட்டு எந்த வேலைக்கும் போற 'ஜெனரலிஸ்ட்' அதிகாரிகள் நிறைஞ்சிருக்காங்க, தொழில்முறைப் பயிற்சிக்கு ஒரு கல்லூரி வேணும்னு சொன்னாங்க. 1970-ல சிவில் சர்வீஸ் காலேஜ் ஆரம்பிச்சாங்க. லண்டனுக்கு மேற்கே சன்னிங்டேல்ல பெரிய பச்சைப் பசேல் வளாகம். 2005-ல அதுக்கு நேஷனல் ஸ்கூல் ஆஃப் கவர்ன்மென்ட்னு பேர் மாத்தினாங்க.

அது குறையே இல்லாத இடம்னு சொல்ல மாட்டேன். ஒரு கட்டத்துக்கு மேல, துறைகள்கிட்ட கோர்ஸுக்குக் கட்டணம் வாங்கி செலவை ஈடுகட்டணும்னு ஆக்கிட்டாங்க. அரசோட சொந்தப் பள்ளி, தன் அரசுக்கே கோர்ஸ் விக்கற நிலைமை. அப்படி ஆனா, எது தேவையோ அதைவிட எது விக்குமோ அந்தப் பக்கம் சாய்வு வரும். யூடியூப் பண்றவங்களுக்கு இது நல்லாப் புரியும்.

2012 மார்ச் 31-ல பள்ளியை மூடிட்டாங்க. சிக்கன நடவடிக்கை காலம் அது. அதுக்குப் பதிலா சிவில் சர்வீஸ் லேர்னிங்னு ஒரு சின்ன மையம். பாடத்தை நடத்தறது கேபிட்டாங்கற தனியார் நிறுவனத்துக்குப் போச்சு. கேபிட்டா முதன்மை ஒப்பந்ததாரர். கீழே சின்னச் சின்னப் பயிற்சி நிறுவனங்களுக்கு வேலையைப் பிரிச்சுக் கொடுக்கும். 2016-ல இந்த இடத்துக்கு கே.பி.எம்.ஜி. வந்தது. 2024-ல அதே நிறுவனத்துக்கு பிரிட்டிஷ் அரசு ஊழியர் பயிற்சிக்காக 22.3 கோடி பவுண்டு மதிப்புள்ள ஒரு ஒப்பந்தம் கிடைச்சதா செய்தி வந்தது. 15 மாசத்துக்கு.

அந்தத் தொகை அதிகமா குறைவான்னு என்னால சொல்ல முடியாது. பல லட்சம் ஊழியர்கள் இருக்கற அமைப்பு, தலைக்கு இவ்வளவுன்னு வகுத்தா ரொம்பப் பெருசா தெரியாது. எனக்கு உறுத்தினது அந்த வரிசை. பள்ளியை மூடினதும், பாடம் நடத்தற வேலையோட சேர்ந்து இன்னொண்ணும் போயிடுது: 'நம்ம ஆளுங்களுக்கு என்ன தெரியலை'ன்னு கண்டுபிடிக்கத் தெரிஞ்ச ஆளுங்க. ஒரு பேராசிரியர் பத்து வருஷம் வரிசையா எல்லாத் துறை அதிகாரிகளுக்கும் பட்ஜெட் பாடம் நடத்தினா, எந்தத் துறையில எந்த இடத்துல சறுக்குதுன்னு அவருக்கு மனசுல ஒரு வரைபடமே இருக்கும். ஒப்பந்தம் மாறும்போது ஸ்லைடை ஒப்படைக்கலாம். அந்த வரைபடத்தை எப்படி ஒப்படைக்கறது?

2021-ல பிரிட்டிஷ் அரசே 'கவர்ன்மென்ட் கேம்பஸ்'னு ஒரு திட்டத்தை அறிவிச்சு, அரசு ஊழியருக்கு என்ன திறன் வேணும்ங்கற பாடத்திட்டத்தை மறுபடி மையத்துல உட்கார்ந்து எழுத ஆரம்பிச்சது. பள்ளியை மூடி ஒன்பது வருஷம் ஆன பிறகு.

நம்ம கோட்ல இதை தினம் பார்க்கறோம்

ஐ.டி.-ல இருக்கறவங்களுக்கு ஒரு ஒப்பீடு. தேதியைக் கையாள, படத்தைச் சின்னதாக்க, யாரோ எழுதின லைப்ரரியை எடுத்துப் போடறோம். அதை நாமே எழுதினா லீடு திட்டுவார். ஆனா நம்ம பிசினஸ் லாஜிக்கை யாரும் வெளியில இருந்து எடுத்துப் போட மாட்டாங்க. கடன் யாருக்குக் கொடுக்கலாம்னு முடிவு பண்ற கோடை ஒரு பேங்க் வெளி ஆள்கிட்ட விட்டுட்டு, உள்ள அதைப் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர்கூட இல்லாம இருந்தா, அந்த பேங்க் சீக்கிரம் வெண்டர் சொல்ற விலைக்குத் தலையாட்டும்.

கேரி பெக்கர்னு ஒரு பொருளாதார அறிஞர், 1964-ல பயிற்சியை ரெண்டா பிரிச்சார். எங்க போனாலும் உதவற பொதுப் பயிற்சி ஒண்ணு. ஒரே ஒரு நிறுவனத்துக்குள்ள மட்டும் மதிப்புள்ள பயிற்சி இன்னொண்ணு. எக்செல், இங்கிலீஷ்ல கடிதம் எழுதறது, சைபர் பாதுகாப்பு, இதெல்லாம் முதல் வகை. இதை வெளியில வாங்கறதுல எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. போட்டி இருக்கு, விலை தெரியும், தரம் ஒப்பிடலாம். ஒரு அரசுத் துறை தானே உட்கார்ந்து எக்செல் பாடம் தயாரிக்கறதுதான் வீண் செலவு.

'கே. முருகேசன்' ரெண்டாவது வகை. சந்தையில அதை விக்கற ஆளே கிடையாது. ஏன்னா அது தெரிஞ்ச ஒரே ஆள் அந்த மூணாவது வரிசைக்காரர்தான். எங்க ஒப்பந்தம் ரெண்டு வகையையும் ஒரே டேபிள்ல போட்டு, ரெண்டையும் 23 வயசுப் பையன்கிட்ட கொடுத்துடுச்சு.

ஒரு குட்டி வரலாறு, இதைச் சொல்லாம விட மனசு வரலை. நுங்கம்பாக்கத்துல காலேஜ் ரோடு இருக்குல்ல? டபிள்யூ.சி.சி. இருக்கறதால வந்த பேர்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன். அது அதுக்கும் ரொம்பப் பழசு. 1812-ல எல்லிஸ் துரை, அதாவது ஃபிரான்சிஸ் வைட் எல்லிஸ், முயற்சி எடுத்து சென்னையில கோட்டைக் கல்லூரி ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல இருந்து கப்பல் இறங்கற கிழக்கிந்தியக் கம்பெனியோட இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு எல்லாம் சொல்லிக் கொடுக்க. நம்ம ஊர்ப் புலவர்களை ஆசிரியரா வேலைக்கு எடுத்தாங்க. பஞ்சதந்திரக் கதையைத் தமிழ் உரைநடையில கொடுத்த தாண்டவராய முதலியார் அங்க வேலை பார்த்தவர். கொஞ்சம் யோசிச்சா வேடிக்கையா இருக்கும். கம்பெனியே ஒரு தனியார் நிறுவனம், பார்க்கப்போனா அரசாங்கத்தையே அவுட்சோர்ஸ் எடுத்த நிறுவனம். அவங்க எதுக்காக ஆட்சி செஞ்சாங்கங்கறது வேற கதை. ஆனா தன் ஆளுங்களுக்குப் பயிற்சி கொடுக்கற இடத்தைத் தன் கையிலதான் வெச்சிருந்தாங்க. ஊர் மொழி தெரியாத கலெக்டரால வரி வசூல் பண்ண முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

இங்க, இப்ப

இந்தியாவுல நிலைமை பிரிட்டன் மாதிரி இல்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்கு முசோரி அகாடமி இருக்கு, மத்திய தலைமைச் செயலக ஊழியர்களுக்கு டெல்லியில 1948-ல இருந்து ஒரு பயிற்சி நிறுவனம் இருக்கு. தமிழ்நாட்டுல குரூப் 4 பாஸ் பண்ண யாரைக் கேட்டாலும் 'பவானிசாகர்'ங்கற ஒரு வார்த்தை வரும். அணை பார்க்கப் போறதில்லை, அடிப்படைப் பயிற்சிக்குப் போறது. தன் பதிவேடு எப்படி எழுதணும், கோப்பை எப்படி நகர்த்தணும்னு அங்கதான் கத்துக்கறாங்க. பயிற்சி முடிச்சவங்க வாட்ஸ்அப் குரூப் வருஷக்கணக்குல உயிரோட இருக்கும், அதுவும் ஒரு பயிற்சிதான்.

பெரிய மாற்றம் 2020-ல வந்தது. செப்டம்பர் 2-ந் தேதி மத்திய அமைச்சரவை 'மிஷன் கர்மயோகி'க்கு ஒப்புதல் கொடுத்தது. சுமார் 46 லட்சம் மத்திய அரசு ஊழியர்கள், அஞ்சு வருஷத்துக்கு 510.86 கோடி ரூபாய். ஐகாட் கர்மயோகின்னு ஒரு ஆன்லைன் தளம். இதை நடத்தறதுக்கு 'கர்மயோகி பாரத்'ங்கற பேர்ல, முழுக்க அரசுக்குச் சொந்தமான, லாப நோக்கமில்லாத ஒரு கம்பெனி.

இதுல ஒரு நல்ல டிசைன் இருக்கு, அதை ஒத்துக்கணும். தளம் அரசோட கையில. அதுல பாடம் போடறவங்க பல பேர்: அரசுப் பயிற்சி நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், தனியார். எந்தப் பதவிக்கு எந்தத் திறன் வேணும்னு வரையறுக்க ஒரு சட்டகம், மேற்பார்க்க ஒரு ஆணையம். அதாவது பாடத்தை வெளியில இருந்து வாங்கலாம், என்ன பாடம் வேணும்ங்கற முடிவை உள்ளேயே வெச்சுக்கலாம்னு ஒரு திட்டம். கோவிட் நேரத்துல சுகாதாரப் பணியாளர்களுக்கு அவசரமா பயிற்சி கொடுக்க ஐகாட்டைத் தொடங்கினப்போ, பள்ளிக்கூடங்களுக்காக இருந்த தீக்‌ஷா தளத்து மேலேயே ஓட வெச்சாங்க. தீக்‌ஷாவுக்கு அடியில ஓடறது சன்பேர்டுங்கற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நாளைக்கு ஒரு வெண்டர் விலகினாலும் கோடு வெளியில இருக்கு. எங்க துறை சாஃப்ட்வேர்ல அந்தப் பேச்சே கிடையாது.

சரி, நடைமுறையில? எங்க சித்தி ஒரு மத்திய அரசு அலுவலகத்துல இருக்காங்க. ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனேன். கிச்சன்ல மேடை மேல போன் சாய்ச்சு வெச்சிருக்கு, அதுல ஒருத்தர் தலைமைப் பண்பு பத்திப் பேசிட்டு இருக்கார், சித்தி வெங்காயம் நறுக்கிட்டு இருக்காங்க. "கேட்கறீங்களா சித்தி?"ன்னேன். "ஓடினா போதும்டா, கடைசியில குவிஸ் வரும், அதுக்கு நீ வா"ன்னாங்க. ஏழு சரி, சர்டிஃபிகேட் வந்துடுச்சு. தலைமைப் பண்புல நானும் சித்தியும் சேர்ந்து தேர்ச்சி.

சித்தி சோம்பேறி இல்லை. ஆபீஸ்ல அவங்க செக்‌ஷனே அவங்களாலதான் ஓடுது. 2024 அக்டோபர்ல தேசியக் கற்றல் வாரம்னு ஒண்ணு நடந்தது, ஒவ்வொருத்தரும் குறைஞ்சது நாலு மணிநேரம் படிக்கணும்னு இலக்கு. மணிநேரத்தை இலக்கா வெச்சா மணிநேரம்தான் கிடைக்கும். தளத்துல பதிவு செஞ்சவங்க எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியிருக்கு. அது பெரிய எண்தான். ஆனா என்னோட 40 கையெழுத்தும் இந்த ஒரு கோடியும் ஒரே வகை எண். தளம் அரசுக்குச் சொந்தமா இருக்கறதால மட்டும் மூணாவது, நாலாவது படியை யாரோ பார்க்கறாங்கன்னு ஆகிடாது.

அதுக்காக எல்லாத்தையும் சொந்தமா நடத்தினா சரியாயிடும்னும் சொல்ல மாட்டேன். விதிப் புத்தகத்தை வரி வரியா வாசிச்சுட்டு "சந்தேகம் இருக்கா, இல்லைல்ல"ன்னு முடிக்கற அரசு வகுப்புகள்ல உட்கார்ந்தவங்க எங்க குடும்பத்துலயே இருக்காங்க. பயிற்சி மையத்துக்கு மாத்தல் போட்டா தண்டனைன்னு நினைக்கற மனநிலையும் இருக்கு. அப்படி வந்து உட்கார்ந்தவர்கிட்ட என்ன பாடம் கிடைக்கும்?

அப்போ எங்க ஒப்பந்தத்துல என்ன மாத்தியிருக்கணும்? நான் திரும்பத் திரும்ப யோசிச்சதுல, துறைக்குள்ள ஒரு ஆள் இருந்திருக்கணும்னு தோணுது. ஒரே ஒரு ஆள் போதும், ஆனா திட்டம் முடியற வரைக்கும் மாத்தலாகாத ஆள். நாங்க 'மாஸ்டர் ட்ரெய்னர்'னு மாவட்டத்துக்கு ரெண்டு பேரைத் தயார் பண்ணோம். அடுத்த பொது மாறுதல்ல பாதிப் பேர் வேற இடத்துக்குப் போயிட்டாங்க. என் ஸ்லைடை முதல் பேட்ச்சுக்கு முன்னாடி அந்த ஆள் பார்த்திருந்தா பத்து நிமிஷத்துல 'டெஸ்ட் யூசரை எடுத்துட்டு, போன வருஷம் வந்த நிஜ மனுக்கள்ல சிக்கலானதா இருபதை எடுத்துப் போடு'ன்னு சொல்லியிருப்பார், தனிப்பட்ட விவரங்களை மறைச்சுட்டு. வகுப்புல வர்ற கேள்விகளை எழுதி வெச்சு வாரா வாரம் அவர்கிட்ட கொடுக்கணும்னு ஒரு வரி போட்டிருக்கலாம். பில்லுல ஒரு பங்கை நிறுத்தி வெச்சு, மூணு மாசம் கழிச்சு நிராகரிப்புகள்ல ஒரு மாதிரியை எடுத்துப் பார்த்துட்டுக் கொடுத்திருக்கலாம். அப்படி இருந்தா டாஷ்போர்டைப் பார்க்கறதுக்கு எங்க மேனேஜருக்கே ஒரு காரணம் இருந்திருக்கும். வீடியோ, கையேடு எல்லாம் துறையோட சொத்துன்னு எழுதியிருக்கணும். எங்க கையேட்டுல ஒவ்வொரு பக்கத்துலயும் எங்க கம்பெனி லோகோ இருந்தது, அதைத் திருத்தற உரிமைகூட துறைக்கு இல்லை.

இதெல்லாம் துறைக்கு வேலை. வெளியில கொடுத்தா வேலை குறையும்னுதான் கொடுக்கறாங்க, நான் சொல்றதுல வேலை கூடுது. ஒரு அதிகாரி இதைக் கேட்டா, "அதுக்கு ஆள் இருந்தா நாங்களே நடத்தியிருப்போமே தம்பி"ன்னு சொல்லுவார். அவர் சொல்றதும் நியாயம்தான். அந்தத் துறைக்கு முன்னாடி சொந்தமா ஒரு பயிற்சிப் பிரிவு இருந்ததாம். ஓய்வு பெற்றவங்க இடத்தை நிரப்பாம விட்டு விட்டு, நான் போனப்போ அந்த அறையில கால் உடைஞ்ச நாற்காலிகளை அடுக்கி வெச்சிருந்தாங்க. அந்த அறையை மறுபடி திறக்க ரெண்டு மூணு பணியிடம் வேணும், அதுக்கு நிதித்துறை ஒப்புதல் வேணும். டெண்டருக்கான பணம் திட்டச் செலவுல ஏற்கெனவே இருக்கு. எது சுலபமா நடக்கும்னு நீங்களே சொல்லுங்க.

கடைசியா, அந்தக் கண்காணிப்பாளர். முதல் நாள் முடிஞ்சு வெளிய டீக்கடையில நின்னப்போ அவரே வந்து பேசினார். கோபம் எதுவும் இல்லை. பையில இருந்து ஒரு நீள நோட்டை எடுத்துக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்த வருஷத்துல இருந்து வந்த விசித்திரமான மனுக்கள், ஒவ்வொண்ணுக்கும் என்ன முடிவு எடுத்தாங்க, எந்த அரசாணைப்படி எடுத்தாங்கன்னு கையால எழுதி வெச்சிருந்தார். பேர் மாறின மனு, ரெண்டு மனைவி மனு, இறந்துட்டதா பதிவான ஆள் நேர்ல வந்து நின்ன மனு. புதுசா யார் செக்‌ஷனுக்கு வந்தாலும் ஒரு வாரம் பக்கத்துல உட்கார வெச்சு இதைப் படிக்கச் சொல்லுவாராம். "வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க தம்பி, எனக்கப்புறம் இது யாருக்கு வேணும்"னார். எனக்கு ஆறு மணி பஸ். அடுத்த தடவை வரும்போது எடுத்துக்கறேன் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

நிராகரிப்புப் பட்டியல் பெருசானதுக்கு அப்புறம் துறை ஒரு சுற்றறிக்கை விட்டது, இனிஷியல் வித்தியாசம் இருந்தா கள விசாரணைக்கு அனுப்பணும்னு. நாங்க அந்த பட்டனை மெனுவுல இருந்து எடுத்து வெளிய வெச்சோம், அரை நாள் வேலை. அப்போதான் நோட்டு ஞாபகம் வந்து அந்த ஆபீஸுக்கு போன் பண்ணேன். அவர் ஓய்வு பெற்று நாலு மாசம் ஆயிடுச்சுன்னாங்க. நோட்டைப் பத்திக் கேட்டேன். போனை எடுத்தவருக்கு அப்படி ஒண்ணு இருந்ததே தெரியலை.

உங்கள்ல யாராவது அரசு அலுவலகத்துல இருந்தா, இல்லை என்னை மாதிரி வெண்டர் பக்கம் இருந்தா, உங்க ஆபீஸ்ல அந்த மாதிரி நோட்டு யார்கிட்ட இருக்குன்னு எழுதுங்க. பேர் வேண்டாம், துறை வேண்டாம். அடுத்த வாரம் வேற தலைப்போட வர்றேன்.